உங்கள் கணிப்பைச் சூத்திரமாக எழுதிப் பார்ப்பது எப்படி

கைப்பிரதியைக் கையில் கொடுத்ததும் பதிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம் ஆகும்?" என்பதுதான். பதினாறு வருடமாகப் பிரதி திருத்துகிறேன். அங்கங்கே சில பக்கங்களைப் புரட்டிவிட்டு "நாற்பது மணி நேரம்" என்பேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "பார்த்தாலே தெரியும்" என்பேன். அந்தப் "பார்த்தாலே தெரியும்" என்பதற்குள் என்ன இருக்கிறது என்பதை எண்களாகப் பிரித்துப் பார்க்க முடியும். நான் பார்த்தேன். செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடுபவராக இருக்கலாம், விண்ணப்பங்களைத் தரம் பிரிப்பவராக இருக்கலாம், ஒரு மென்பொருள் வேலைக்கு எத்தனை நாள் என்று சொல்பவராக இருக்கலாம். ஒரே வகையான தீர்ப்பைத் திரும்பத் திரும்பச் சொல்கிற எவருக்கும் இது பொருந்தும்.

யோசனை பழையது. 1923இல் அமெரிக்காவில் ஹென்றி வாலஸ், மக்காச்சோளக் கதிர்களுக்கு மதிப்பெண் போடும் நடுவர்களின் மனதில் என்ன ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். பின்னாளில் அந்நாட்டின் துணை அதிபரானவர் இவர்தான். கதிரின் நீளம், மணியின் எடை என்று ஒவ்வொன்றுக்கும் நடுவர்கள் எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்று பிரித்தெடுத்தார். நீளமான கதிர் அவர்கள் கண்ணை வெகுவாகக் கவர்ந்திருந்தது. ஆனால் அவர்களின் மதிப்பெண்ணுக்கும் விளைச்சலுக்கும் இருந்த தொடர்பு பலவீனமானது. அந்தக் கணக்கை எல்லாம் அன்று கையால் போட வேண்டியிருந்தது. இன்று ஒரு எக்செல் ஷீட்டும் சில நாள் பொறுமையும் போதும்.

எதைக் கணிப்பது

விடை எண்ணாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். உண்மையில் என்ன நடந்தது என்பதும் பிறகு தெரியவந்தால் மிக நல்லது. நான் பழைய நோட்டுகளில் இரண்டையும் குறித்து வைத்திருந்தேன்: ஆரம்பத்தில் சொன்ன மணி நேரம், முடித்தபோது ஆன மணி நேரம். அப்படி 60 கைப்பிரதிகள் தேறின. உங்களிடம் பழைய பதிவு இல்லையென்றால் இன்றிலிருந்து குறிக்கத் தொடங்குங்கள். ஒரு நிபந்தனை: கணிப்பை எழுதும்போது வேறு யாருடைய எண்ணும் உங்கள் காதில் விழுந்திருக்கக் கூடாது. "போன புத்தகம் முப்பது மணி நேரத்தில் முடிந்ததே" என்று யாராவது சொல்லிவிட்டால், அந்த முப்பதைச் சுற்றித்தான் மனம் அலையும்.

அடையாளங்களைக் குறிப்பது

கணிக்கும் நேரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் விஷயங்களை மட்டும் எழுதுங்கள். பிறகு தெரியவந்தவற்றைச் சேர்த்தால் கணக்கு பொய்யாகிவிடும். முதலில் பதினொன்று எழுதினேன், நான்காகக் குறைத்தேன். ஓர் அடையாளத்துக்குப் பத்து வரிசைத் தரவாவது வேண்டும் என்பது நல்ல வழக்கம்.

என் நான்கு இவை. மொத்தச் சொற்கள், ஆயிரக்கணக்கில். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று பக்கங்களில் உள்ள பிழைகளின் எண்ணிக்கை. மொழிபெயர்ப்பு என்றால் 1, இல்லையென்றால் 0. எழுத்தாளரின் முதல் புத்தகம் என்றால் 1, இல்லையென்றால் 0. "நடை சரளமாக இருக்கிறதா" என்பதையும் சேர்க்க ஆசைதான். ஆனால் அதுவே ஒரு தீர்ப்பு. எண்ணிச் சொல்லக்கூடியது அல்ல. விட்டுவிட்டேன்.

அப்புறம், கணக்கில் இறங்கும் முன் ஒரு தாளில் உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்: இந்த நான்கில் எதை அதிகம் நம்புகிறேன், எதைக் குறைவாக? நான் எழுதியது: முதலில் நீளம், இரண்டாவது பிழை, மூன்றாவது மொழிபெயர்ப்பு, கடைசியில் முதல் புத்தகம். இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

கணக்கு

வரிசைக்கு ஒரு கைப்பிரதி, நெடுவரிசைக்கு ஓர் அடையாளம். அடுத்த இரண்டு நெடுவரிசைகளில் நீங்கள் சொன்ன எண்ணும் உண்மையான எண்ணும். 60 வரிசைகளில் 15ஐக் குலுக்கல் முறையில் எடுத்துத் தனி ஷீட்டில் ஒதுக்கி வைத்தேன். சூத்திரத்தைச் சோதிக்க அவை வேண்டும். அதுவரை தொடவே கூடாது.

சொற்கள் ஆயிரத்தில், பிழைகள் பத்துகளில் என்று அளவுகள் வேறுபடுவதால் எடைகளை, அதாவது ஒவ்வோர் அடையாளமும் விடையை எவ்வளவு அசைக்கிறது என்ற எண்களை, நேராக ஒப்பிட முடியாது. அதனால் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்த நெடுவரிசையின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்ற அளவால்) வகுக்க வேண்டும். எக்செலில் ஸ்டாண்டர்டைஸ் என்ற ஃபங்ஷனே இருக்கிறது. கடைசி இரண்டு நெடுவரிசைகளுக்கும் இதையே செய்யுங்கள். ஒதுக்கிய 15க்கும் மீதி 45இன் சராசரியையும் விலக்கத்தையுமே பயன்படுத்த வேண்டும்.

பிறகு லைனெஸ்ட் என்ற ஃபங்ஷன். ரிக்ரெஷன் கணக்கை, அதாவது அடையாளங்களைக் கூட்டி விடைக்கு மிக நெருக்கமாக வரும் எடைகளைத் தேடும் கணக்கை, அதுவே போட்டு, ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஓர் எடை தரும். இங்கே ஒரு கண்ணி உண்டு: எடைகளை அது பின்னிருந்து முன்னாகத் தருகிறது. கடைசி நெடுவரிசையின் எடை முதலில் வரும். இது தெரியாமல் முதல் நாள் முழுவதும் நீளத்தின் எடையை முதல் புத்தகத்தின் எடை என்று படித்துக்கொண்டிருந்தேன்.

லைனெஸ்ட்டை இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை, நீங்கள் சொன்ன எண்ணை வைத்து. அது உங்கள் மனதின் சூத்திரம். இரண்டாம் முறை, உண்மையில் ஆன நேரத்தை வைத்து. அது வேலையின் சூத்திரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த முயற்சியின் உயிர்.

எனக்கு வந்தது இது. மனதின் சூத்திரத்தில் நீளத்துக்கு 0.30, பிழைக்கு 0.55, மொழிபெயர்ப்புக்கு 0.05, முதல் புத்தகத்துக்கு 0.20. வேலையின் சூத்திரத்திலோ நீளத்துக்கு 0.60, பிழைக்கு 0.25, மொழிபெயர்ப்புக்கு 0.35, முதல் புத்தகத்துக்கு ஏறக்குறைய பூஜ்யம்.

தாளை எடுத்துப் பார்த்தேன். நான் நம்புவதாக எழுதியிருந்த வரிசை, வேலையின் சூத்திரத்தோடு கிட்டத்தட்டப் பொருந்தியது. ஆனால் கணிக்கும்போது நான் அந்த வரிசைப்படி நடக்கவே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும் கண் வேறு இடத்துக்குப் போயிருந்தது.

பிழைக்கு ஏன் அவ்வளவு எடை? மூன்று கைப்பிரதிகளை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். "அதை சொன்னான்", "படித்து பார்த்தாள்" என்று ஒற்று விடுபட்ட இடங்கள் பக்கத்துக்கு எட்டு, பத்து இருந்தன. ஒற்றுப்பிழை பார்த்தவுடன் உறுத்தும். பக்கமே குப்பையாகத் தெரியும். ஆனால் ஒரு "ச்", ஒரு "ப்" சேர்க்க எவ்வளவு நேரம்? பத்துப் பிழையும் ஒரு நிமிடத்தில் முடிந்தன. மொழிபெயர்ப்புப் பிரதியில் ஒரு பக்கம் எடுத்தேன். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு வாக்கியத்தில் "அவர் அவரிடம் அவருடைய கடிதத்தைக் கொடுத்தார்" என்று இருந்தது. எந்த அவர், யாருடைய கடிதம்? மூல நூலைத் திறந்து, அந்த அத்தியாயத்தை முன்னும் பின்னும் படித்து, வாக்கியத்தைப் பிரித்து எழுத இருபது நிமிடம் ஆனது. அந்தப் பக்கத்தில் நான் எண்ணியிருந்த பிழைகள்: ஒன்று. இப்போது ஒற்றுப்பிழைகளைத் தனியாகவும் பொருள் மயங்கும் வாக்கியங்களைத் தனியாகவும் எண்ணுகிறேன்.

உங்களோடு நீங்களே ஒத்துப்போகிறீர்களா

இந்தக் கட்டத்தைப் பலர் தாண்டிவிடுவார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். பழைய கைப்பிரதிகளில் பத்தைப் பெயரை மறைத்து, மூன்று மாதிரிப் பக்கங்களையும் சொற்களின் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து மறுபடி கணித்தேன். ஒரு மாத இடைவெளி விட்டு அதே பத்தை வேறு வரிசையில் இன்னொரு முறை. இரண்டு விடைகளுக்கும் இடையே சராசரியாக 9 மணி நேரம் வித்தியாசம். ஒரு வரலாற்று நூலுக்கு முதல் முறை 38, இரண்டாம் முறை 60. பக்கங்கள் அதேதான், பிழைகளும் அதேதான். இரண்டாவது தடவை கணித்த அன்று, வெகுநாள் இழுத்த ஒரு பிரதியை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். களைப்பு எண்ணாக மாறி விழுந்திருக்கிறது.

டேவிட் வைஸ், ஜேம்ஸ் ஷான்டோ என்ற இரு உளவியலாளர்கள் நிபுணத்துவத்தை அளக்க இதையே அடிப்படையாகக் கொள்கிறார்கள்: வேறு வேறு பொருளுக்கு வேறு வேறு விடை சொல்ல வேண்டும், ஒரே பொருளுக்கு ஒரே விடை சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து வேண்டும். எல்லாவற்றுக்கும் நாற்பது என்பவர் இரண்டாவதில் தேறுவார், முதலாவதில் தோற்பார்.

சூத்திரத்துக்குக் களைப்பு கிடையாது. அதனால்தான் உங்கள் தீர்ப்புகளிலிருந்தே எடுத்த சூத்திரம் உங்களைவிட நன்றாகக் கணிக்க முடிகிறது. கேட்க விசித்திரமாக இருக்கும். 1970இல் லூயிஸ் கோல்ட்பர்க் என்ற உளவியல் ஆய்வாளர், 29 உளவியலாளர்கள் 861 நோயாளிகளைப் பற்றிச் சொன்ன தீர்ப்புகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சூத்திரம் செய்தார். பெரும்பாலோர் விஷயத்தில் அந்த உளவியலாளரைவிட அவரது தீர்ப்புகளிலிருந்து எடுத்த சூத்திரமே சற்று மேலாக இருந்தது. ஒதுக்கி வைத்த 15 கைப்பிரதிகளில் நான் சராசரியாக 11 மணி நேரம் தவறினேன். விடையை மறுபடி மணி நேரமாக மாற்றிப் பார்த்தால், என் மனதின் சூத்திரம் 8 மணி நேரம் தவறியது. வேலையின் சூத்திரம் 6. முதல் சூத்திரம் என் ஊசலாட்டத்தைத்தான் நீக்குகிறது. ஒற்றுப்பிழை மீதான என் சாய்வு அதிலும் அப்படியே இருக்கிறது.

ஷீட் போட நேரமில்லையா? ஒரே விஷயத்தை இரண்டு முறை, சில வாரம் விட்டு, கணித்துச் சராசரி எடுங்கள். ஒரே ஆளின் இரண்டு ஊகங்களின் சராசரி தனித்தனி ஊகத்தைவிட உண்மைக்கு நெருக்கமாக வருவதை எட்வர்ட் வுல், ஹெரால்ட் பாஷ்லர் என்ற உளவியலாளர்கள் 2008இல் காட்டினார்கள். மூன்று வாரம் இடைவெளி விட்டபோது பலன் இன்னும் கூடியது.

தரவு குறைவாக, இருபது முப்பது வரிசைதான் இருக்கிறது என்றால் லைனெஸ்ட் வேண்டாம். முன்பு சொன்னபடி சராசரியைக் கழித்து வகுத்த எண்களை அப்படியே, எல்லாவற்றுக்கும் சம எடை தந்து, கூட்டுங்கள். நேரத்தைக் குறைக்கும் அடையாளமாக இருந்தால் கழியுங்கள். இவ்வளவு எளிய கூட்டல்கூட வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக வேலை செய்யும் என்பதை உளவியலாளர் ராபின் டாஸ் 1979இல் விரிவாக எழுதினார். எந்த அடையாளத்தைப் பார்ப்பது என்று தெரிவதுதான் நிபுணரின் பங்கு என்றும், கூட்டுவதில் மனிதர் பலவீனம் என்றும் அவர் வாதிட்டார். என் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது.

சூத்திரம் சொல்லாத மிச்சம்

ஒவ்வொரு வரிசையிலும் நீங்கள் சொன்னதற்கும் உங்கள் சூத்திரம் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி, பெரியவற்றை மேலே கொண்டுவாருங்கள். இதில் பாதி வெறும் ஊசலாட்டம். மீதியில் உண்மையான கூர்மை ஒளிந்திருக்கலாம். என் பட்டியலில் முதலில் வந்தது ஓர் ஆய்வு நூல். சூத்திரம் 34 என்றது, நான் 65 என்றிருந்தேன், ஆனது 69. ஏன் அவ்வளவு சொன்னேன் என்று நோட்டைப் பார்த்தால், "அடிக்குறிப்பு மூன்று விதமாக இருக்கிறது" என்று ஒரு வரி. மேற்கோள் நூல்களை ஒரு அத்தியாயத்தில் ஒரு முறையிலும் அடுத்ததில் வேறு முறையிலும் எழுதியிருந்தார்கள். அதை என் கண் பிடித்திருக்கிறது. சூத்திரத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இதற்கு உளவியலாளர் பால் மீல் சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. ஒரு பேராசிரியர் இன்று மாலை சினிமாவுக்குப் போவார் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் அவருக்குக் கால் முறிந்திருப்பது உங்களுக்குத் தெரியும். அப்போது கணக்கைக் கேட்க வேண்டியதில்லை. இதைச் சொன்ன மீல்தான் 1954 முதல் சூத்திரத்தின் பக்கம் நின்று வாதாடியவர். 1996இல் அவரும் வில்லியம் க்ரோவும் தொகுத்த 136 ஆய்வுகளில் மனிதர் தெளிவாக வென்றது 8இல் மட்டுமே. கால் முறிவது அபூர்வம், ஆனால் முறிந்துவிட்டதாக நமக்கு அடிக்கடி தோன்றும், சிக்கல் அங்கேதான்.

அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். புதுப் பிரதி வந்தால் முதலில் என் எண்ணை எழுதுவேன், பிறகே வேலையின் சூத்திரத்தைப் பார்ப்பேன். வித்தியாசம் பத்து மணி நேரத்துக்கு மேல் இருந்தால், காரணத்தை ஒரு வரியில் எழுத முடிந்தால்தான் என் எண்ணைச் சொல்வேன். "ஏதோ தோன்றுகிறது" என்பது காரணமாகாது. அன்று சூத்திரத்தின் எண்தான். இதுவரை ஒன்பது முறை அப்படிக் காரணம் எழுதினேன். ஐந்தில் என் எண் நெருங்கி வந்தது. அந்த ஐந்தில் மூன்றில் காரணம் அடிக்குறிப்பு. மூன்று முறை வந்தது அபூர்வம் இல்லை. அதனால் அதையும் ஓர் அடையாளமாக ஷீட்டில் சேர்த்துவிட்டேன்.

பதினைந்து புதுப் பிரதி சேர்ந்ததும் லைனெஸ்ட்டை மறுபடி ஓட்டுவது என் வழக்கமாக இருந்தது. சென்ற வருடம் ஒற்றுப்பிழையைத் தானாகக் காட்டும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கினேன். அதற்கு முந்தைய வரிசைகளில் பிழை நெடுவரிசைக்கு இனி அதே அர்த்தம் இல்லை. அவற்றைத் தனி ஷீட்டுக்கு மாற்றிவிட்டு, புதிய வரிசைகள் போதிய அளவு சேரும்வரை சம எடைக் கூட்டலில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.