ஏர் ரைஃபிளில் ஸ்கோப் மாட்டி நேர்செய்ய

ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள் பின்னும் முன்னும் இரண்டு தடவை உதைக்கும். சாதாரண ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) உள்ளமைப்பு இதைத் தாங்காது. ஏர்கன்னுக்கென்றே செய்ததை வாங்குங்கள். குளச்சல் பக்கம் கடற்கரையில் இருப்பவர்கள் ஸ்க்ரூக்களுக்கு எண்ணெய் தொட்டு வையுங்கள், உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, மேலே ஸ்கோப் மாட்டும் 11 மி.மீ. ரெயிலை ஸ்பிரிட்டால் துடையுங்கள். மவுண்டில் (ஸ்கோப்பை ரெயிலில் பிடிக்கும் கவ்வி) உள்ள ஸ்டாப் பின், அதாவது நகராமல் தடுக்கும் சிறு ஊசி, ரெயில் துளையில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் சுடச்சுட ஸ்கோப் பின்னால் நகரும். எத்தனை முறை திருத்தினாலும் குறி நிற்காது. கன்னத்தை இயல்பாக வைத்தால் முழு வட்டமும் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் தள்ளுங்கள், பெரும்பாலும் கண்ணிலிருந்து 8 செ.மீ. வரும். கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தூரத்தில் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் வைத்து, ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடுகளில் செங்குத்தானதை அந்த நூலோடு ஒட்டுங்கள். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கால் சுற்று கால் சுற்றாக முறுக்குங்கள். இருபுற இடைவெளியும் சமமாக இருக்கட்டும். அதிகம் முறுக்கினால் குழாய் நசுங்கும்.

மணல் மூட்டைக்கு முன் அட்டை வைத்து, 10 மீட்டரில் தொடங்குங்கள். ஒரு குண்டை நம்பாதீர்கள். ஐந்து சுட்டு, குண்டு பட்ட துளைக் கூட்டத்தின் நடுவை அளந்து திருத்துங்கள். கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில், திருத்தும் குமிழின் ஒரு கிளிக் 10 மீட்டரில் சுமார் 0.7 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ. நகர்த்தும். 10 மீட்டரில் 2 செ.மீ. கீழே பட்டால் மேல்நோக்கி 28 கிளிக். முன்கட்டையை இறுக்கிப் பிடித்தால் கூட்டம் சிதறும், உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும்.

ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்றடிக்கும்போது 25 மீட்டர் திருத்தம் வீண்வேலை. அரை கிராம் குண்டு எங்கே போகுமோ! காற்று ஓய்ந்த காலையில் செய்யுங்கள்.