ஆசிய நகரங்களில் வாழும் வெளிநாட்டு கேம் கலைஞர்களுக்கு ஒரு சந்திப்பை நடத்துவது எப்படி

டோக்கியோ, சியோல், ஷாங்காய், சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹோ சி மின் நகரம் என ஆசியாவில் வீடியோ கேம் ஸ்டூடியோக்கள் இயங்கும் இடங்களிலெல்லாம் வேறு நாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள். கான்செப்ட் ஆர்ட் (கேமின் தொடக்கக் கற்பனைப் படங்கள்) வரைபவர், கதாபாத்திரங்களை த்ரீடியில் செதுக்குபவர், அனிமேட்டர், விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) கலைஞர், யூஐ (திரையின் பொத்தான்கள், சின்னங்கள்) வடிவமைப்பாளர் எனப் பலதரப்பட்ட இவர்களில் பலர், அலுவலகத்தில் பேசப்படும் மொழி பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நாளைக் கழித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஒரே தெருவில் இருக்கும் இரு ஸ்டூடியோக்களில் ஒரே வேலையைச் செய்யும் இருவர் ஆண்டுக்கணக்கில் சந்திக்காமலே இருந்துவிடுவதும் உண்டு. இதை மாற்ற மாதத்தில் ஒரு மாலை போதும். ஆனால் அந்த மாலையை இவர்களுடைய தொழிலுக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

மற்றத் தொழில்களில் பழகிப்போன சந்திப்பு முறை இங்கே உதவுவதில்லை. கையில் கோப்பையோடு நின்று “இப்போது எதில் வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டால் கேம் கலைஞரால் பதில் சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் இன்னும் அறிவிக்கப்படாத கேமாக இருக்கும். அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார். அதோடு, கூடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியாகவோ மூன்றாம் மொழியாகவோ இருக்கும். வேலையைப் பற்றிப் பேச அனுமதியும் இல்லை, மற்றதைப் பேச மொழியும் கைகொடுக்கவில்லை என்றால், வந்தவர் சுவரோரம் நின்று கைபேசியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இந்த இரண்டு தடைகளையும் ஒருசேரத் தாண்டவைப்பது வரைதல் ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சந்திப்பின் முதல் ஒரு மணி நேரத்தை வரைவதற்கென்று ஒதுக்குங்கள்; பேச்சு தானாகவே பின்தொடரும்.

முதல் ஒரு மணி நேரம்

ஒரு மேசைக்கு ஐந்து அல்லது ஆறு பேர் உட்காரட்டும். ஒவ்வொருவர் முன்னும் ஓர் ஏ3 தாள், நடுவில் பென்சில்களும் தடித்த மார்க்கர்களும் இருக்கட்டும். டேப்லெட்டுகளைப் பைக்குள்ளேயே வைக்கச் சொல்வது நல்லது, ஏனெனில் திரையைத் திறந்தவர் தனக்குள் மூழ்கிவிடுவார். தாளில் வரைபவரை எதிரில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். எல்லோருக்கும் ஒரே தலைப்பைக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளை இடப்பக்கம் நகர்த்தச் செய்யுங்கள். “கைவிடப்பட்ட ரயில் நிலையத்தின் காவலர்” என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் கூன் விழுந்த ஓர் உருவத்தின் நிழல்வடிவத்தை மட்டும் வரைந்து நகர்த்துகிறார். அடுத்தவர் அதன் கையில் ஒரு லாந்தரைக் கொடுக்கிறார். மூன்றாவதாகத் தாளைப் பெறும் அனிமேட்டர் அதே காவலர் நடந்துவரும் நான்கு நிலைகளை ஓரத்தில் கோடுகளாகப் போடுகிறார். நான்காமவரான யூஐ கலைஞர் அந்த லாந்தரை ஒரு சின்னமாகச் சுருக்கி மூலையில் பதிக்கிறார். தாள் சுற்றி முடிந்து உரியவரிடம் திரும்பும்போது, யார் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எந்த ஸ்டூடியோவின் ரகசியமும் வெளியே போயிருக்காது.

மாடலிங் (த்ரீடி உருவமைப்பு), ரிக்கிங் (உருவங்களை அசைக்க எலும்புக்கூடு அமைப்பது), லைட்டிங் (ஒளியமைப்பு) செய்பவர்களும், கலையையும் நிரலையும் இணைக்கும் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்டுகளும் “எனக்கு வரையத் தெரியாது” என்று ஒதுங்க முற்படுவார்கள். அவர்களுக்காக ஒரு மேசையில் களிமண் கட்டிகளை வையுங்கள். நாள் முழுவதும் மவுசையும் ஸ்டைலஸையும் பிடித்திருந்த கைகளுக்கு அது எவ்வளவு பிடித்துப்போகிறது என்பதைப் பார்த்தால், அடுத்த முறை நீங்களே இரண்டு மேசைகளுக்கு வாங்கிவைப்பீர்கள்.

படைப்புகளைத் திரையில் காட்டிப் பேச விரும்புபவர்களுக்கும் இடம் கொடுக்கலாம், ஆனால் நேர வரம்பு கட்டாயம். இதற்கு ஆசியாவிலேயே, அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் உருவாக்கிய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. டோக்கியோவில் கட்டடக்கலை நிறுவனம் நடத்தும் ஆஸ்ட்ரிட் கிளைனும் மார்க் டைதமும், இளம் வடிவமைப்பாளர்கள் ஒன்றுகூடித் தங்கள் வேலையைக் காட்டுவதற்காக 2003இல் பெச்சாகுச்சா இரவைத் தொடங்கினார்கள். 20 படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் 20 வினாடி, ஆக மொத்தம் 6 நிமிடம் 40 வினாடி என்பது அதன் விதி. படங்கள் தாமாகவே நகர்வதால் பேசுபவர் இழுத்தடிக்க வழியில்லை. அந்தப் பெயரில் நிகழ்வு நடத்த அவர்களுடைய ஒப்புதல் வேண்டும் என்றாலும், நேரத்தைக் கட்டும் முறையை யாரும் பின்பற்றலாம். கேம் கலைஞர்களுக்கு அதில் பாதியே பொருத்தமானது: 10 படங்கள், 3 நிமிடம் 20 வினாடி. ஆங்கிலத்தில் தயங்குபவர்கூட ஒரு படத்துக்கு இரண்டு வாக்கியம் என்று வீட்டிலேயே பழகிவிட்டு வர முடியும். மீதியை அவருடைய படங்கள் சொல்லிவிடும்.

ரகசியமும் புகைப்படமும்

திரையிடுவதற்கான விதியை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: சொந்த நேரத்தில் செய்த படைப்புகளையும், ஆர்ட்ஸ்டேஷன் போன்ற தளங்களில் ஏற்கெனவே பொதுவில் இருப்பவற்றையும் மட்டுமே காட்டலாம். வெளியாகிவிட்ட கேமாக இருந்தாலும் அதன் தயாரிப்புக் கால வரைவுகளை வெளியிட ஸ்டூடியோவின் அனுமதி தேவைப்படலாம் என்பதைப் புதியவர்கள் பலர் அறிந்திருப்பதில்லை. அதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் ஒப்பந்தத்தை மீறினால் வேலை போகும். வேலையோடு விசா பிணைந்திருக்கும் வெளிநாட்டவருக்கோ அந்த நாட்டில் தங்கும் உரிமையே ஆட்டம் காணும். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் விளக்க வேண்டும்.

புகைப்படத்திலும் அதே கவனம் வேண்டும். ஜப்பானில் ஓவியர்கள் பலர் புனைபெயரில் இயங்குகிறார்கள். தங்கள் முகம் இணையத்தில் வருவதை அவர்கள் விரும்புவதில்லை. பெயர் அட்டையில் ஒட்ட இரண்டு நிற ஸ்டிக்கர்களை வைத்து, படம் எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்பதை அவரவரே தெரிவு செய்துகொள்ளும்படி விட்டுவிடுங்கள். மேசையில் கிடக்கும் தாள்களைப் படமெடுத்துப் பதிவிடும் முன்பும் அதில் கைவைத்த அனைவரிடமும் கேட்க வேண்டும்.

இடமும் பணமும்

இடம் பார்க்கப் போகும்போது, சந்திப்பு நடக்கவிருக்கும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். பகலில் வெளிச்சமாகத் தெரியும் உணவகம் மாலை ஏழு மணிக்கு மங்கலாகிவிடும். அந்த வெளிச்சத்தில் யாராலும் வரைய முடியாது. மேசையில் ஏ3 தாள்கள் ஐந்தையாவது விரித்துப் பாருங்கள். இசை எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள். இந்தக் காரணங்களால் மதுக்கூடங்களை நான் பரிந்துரைப்பதில்லை. மது அருந்தாதவர்கள், ஹலால் உணவு மட்டும் உண்பவர்கள், சைவ உணவுக்காரர்கள் என்று எல்லோரும் வரக்கூடிய கூட்டம் இது என்பதும் இன்னொரு காரணம். சிங்கப்பூரின் சமூக மன்றங்களிலும், டோக்கியோவின் வார்டு நிர்வாகங்கள் நடத்தும் கூடங்களிலும் அறைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. முன்பதிவு விதிகளை மட்டும் முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும். ஏதாவது ஒரு ஸ்டூடியோ தன் அலுவலகத்தை இலவசமாகத் தர முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுவதே நல்லது. போட்டி நிறுவனத்தில் இருப்பவர்கள் அங்கே வரத் தயங்குவார்கள்; வந்தாலும் வாசலிலேயே இன்னொரு ரகசியக் காப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட நேரிடலாம்.

உணவகத்தில்தான் நடத்துவதென்றால் கணக்கை முன்பே போட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்று பொருள். 100 சிங்கப்பூர் வெள்ளிக்குச் (டாலருக்குச்) சாப்பிட்டால் கட்ட வேண்டியது 119.90 வெள்ளி. ஜப்பானின் இசகாயாக்களில் (மதுவும் சிற்றுணவும் கிடைக்கும் உணவகங்களில்) குழுவாக முன்பதிவு செய்தால் இரண்டு மணி நேர வரம்போடு தலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் வராதவர்களின் பங்கும் அமைப்பாளரின் தலையில் விழக்கூடும். இலவசம் என்று அறிவித்த நிகழ்வுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போகிறவர்கள் எங்கும் உண்டு. அதனால் ஒரு சிறு தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் பேநவ், மலேசியாவில் டியூட்நவ், தாய்லாந்தில் பிராம்ப்ட்பே என்று அந்தந்த நாட்டில் எல்லோரும் வைத்திருக்கும் வழியிலேயே வாங்குங்கள்.

வாங்கும் பணம் செலவுக்குச் சரியாக இருக்க வேண்டுமே தவிர மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அடுத்த மாதத் தாள்களுக்கு என்று கணக்கில் காட்டிவிடுங்கள். இது நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, சட்டம் சம்பந்தப்பட்டதும்கூட. ஜப்பானில் தன் விசா வகை அனுமதிக்காத வேலையில் வருமானம் ஈட்ட குடிவரவுத் துறையின் தனி அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்பது குறிப்பிட்ட ஒரு முதலாளியிடம் வேலை செய்வதற்கானது. ஆகவே பேச வருபவருக்குச் சன்மானம் கொடுப்பது, கட்டணப் பயிற்சிப் பட்டறை நடத்துவது ஆகியவற்றில் இறங்கும் முன், சம்பந்தப்பட்டவரின் விசா நிபந்தனைகளை உரிய அரசுத் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாளும் அழைப்பும்

ஒவ்வொரு மாதமும் மூன்றாவது வியாழக்கிழமை என்பது போல மாறாத ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வசதியான நாள் எது என்று வாக்கெடுப்பு நடத்தத் தொடங்கினால் அது ஒவ்வொரு மாதமும் ஒரு வேலையாகிவிடும். சந்திரப் புத்தாண்டு, தாய்லாந்தின் சோங்கிரான், ஜப்பானின் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், கொரியாவின் சுசோக் ஆகிய நாட்களில் நகரமே ஊருக்குப் போயிருக்கும். ரமலான் மாதத்தில் கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பின் தொடங்குவதே முறை. டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும் என்பதால் பத்து மணிக்கே முடித்துவிடுங்கள்.

பெரிய கேம் கண்காட்சிகளை ஒட்டி ஒரு சிறப்புச் சந்திப்பு வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். செப்டம்பரில் நடக்கும் டோக்கியோ கேம் ஷோவின் அரங்கமான மகுஹாரி மெஸ்ஸே டோக்கியோவுக்கு வெளியே சீபாவில் இருக்கிறது. நாள் முழுவதும் அங்கே நடந்து களைத்தவரை அன்றிரவே டோக்கியோவின் ஷிபுயா பகுதிக்கு அழைப்பது பாவம். கொரியாவின் ஜி-ஸ்டார் நவம்பரில் பூசானில் நடக்கிறது. பெரிய ஸ்டூடியோக்கள் பல சியோலுக்குத் தெற்கே பாங்கியோவில் இருப்பதால், அந்த வாரத்தில் பூசானில் கூடுவதே பொருத்தம். கண்காட்சிகளை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது: சிங்கப்பூரில் நடந்துவந்த கேம்ஸ்காம் ஆசியா 2025இல் பாங்காக்குக்கு இடம் மாறிவிட்டது.

அழைப்பை அந்த ஊர் மக்கள் பயன்படுத்தும் செயலியில் அனுப்புங்கள். ஜப்பான், தைவான், தாய்லாந்தில் லைன், கொரியாவில் ககாவோடாக், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாட்ஸ்அப், வியட்நாமில் ஸாலோ. கேம் துறையில் எல்லோரிடமும் இருக்கும் டிஸ்கார்டு சீனாவில் விபிஎன் இல்லாமல் இயங்காது; அங்கே வீசாட் குழுதான் வழி. வீசாட் குழுவின் கியூஆர் குறி ஏழு நாளில் காலாவதியாகிவிடும். உறுப்பினர் எண்ணிக்கை 200ஐத் தாண்டினால் அந்தக் குறி வழியாகச் சேரவே முடியாது, யாராவது அழைத்தாக வேண்டும். ஆகவே சுவரொட்டியில் குழுவின் குறியை அச்சிடாமல், அமைப்பாளர் ஒருவரின் கணக்கைக் கொடுப்பதே பயன்படும்.

அழைப்பை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எழுதுங்கள். வெளிநாட்டவருக்கான சந்திப்பு என்பதால் உள்ளூர்க் கலைஞர்களுக்குக் கதவை மூடினால் அது வெகு சீக்கிரம் புலம்பல் மன்றமாகிவிடும். ஆட்சேர்ப்பாளர்கள் வரலாம், ஆனால் தாங்கள் யார் என்பதைப் பெயர் அட்டையிலேயே எழுதிக்கொண்டு, வரையும் நேரம் முடியும் வரை வேலைவாய்ப்புப் பேச்சை எடுக்காமல் இருக்க வேண்டும். தகாத முறையில் நடந்துகொள்பவரைப் பற்றி யாரிடம் சொல்வது என்பதை, அமைப்பாளர்களில் ஒரு பெண் உட்பட இருவரின் பெயரோடு அழைப்பிலேயே குறிப்பிடுங்கள். தனியாக வரும் புதியவரை வாசலிலேயே வரவேற்று ஒரு மேசையில் உட்காரவைப்பதை ஒருவரின் பொறுப்பாக்குங்கள். அந்த மாலையில் அப்படி வரவேற்பவருக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது.

கைமாற்றுதல்

வெளிநாட்டவர் நடத்தும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் நின்றுபோகின்றன: நடத்தியவர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார். ஸ்டூடியோ ஆட்குறைப்பு செய்யும், ஒப்பந்தம் முடியும், விசா நீட்டிக்கப்படாமல் போகும். கிளம்புவதற்குச் சில வாரங்களே கிடைக்கும். ஆகவே தொடக்கத்திலேயே மூன்று அமைப்பாளர்கள் இருக்கட்டும். மூவரும் மூன்று வெவ்வேறு ஸ்டூடியோக்களைச் சேர்ந்தவர்களாகவும், ஒருவராவது உள்ளூர்க்காரராகவோ நிரந்தரவாச உரிமை பெற்றவராகவோ இருக்கட்டும். குழுவின் மின்னஞ்சல் தனிப்பட்ட கணக்காக இல்லாமல் பொதுக் கணக்காக இருக்கட்டும். செயலிக் குழுக்களில் மூவருக்கும் நிர்வாகி உரிமை கொடுங்கள். கூடத்தை முன்பதிவு செய்யும் முறை, தொடர்புகொள்ள வேண்டியவர், கையிருப்புப் பணம், மீதமிருக்கும் தாளும் களிமண்ணும் யார் வீட்டில் இருக்கின்றன என்ற விவரம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி வைத்து, ஒவ்வொரு சந்திப்பு முடிந்த அன்றிரவே திருத்திவிடுங்கள்.