படித்திறனும் சாய்கோணமும்: முதலில் கோட்டைக் கீறுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடியவர்களுக்குச் சரிவு என்றால் என்னவென்று கால்களே சொல்லும். போகும்போது மிதிக்கத் தேவையில்லை, திரும்பும்போது மூச்சு வாங்கும். அந்தச் சரிவை ஓர் எண்ணாகச் சொன்னால் படித்திறன், கோணமாகச் சொன்னால் சாய்கோணம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் படித்திறனைச் சாய்வு என்று எழுதியிருப்பார்கள். பெயர்தான் வேறு, விஷயம் ஒன்றுதான்.

சூத்திரத்தைப் பாடமாக்குவதற்கு முன், கட்டம் போட்ட கொப்பியையும் அடிமட்டத்தையும் எடுங்கள்.

படி 1: கீறி எண்ணுங்கள்

(1, 2), (5, 5) என்ற இரண்டு புள்ளிகளையும் குறித்து அடிமட்டத்தால் இணையுங்கள். இப்போது இடப்பக்கப் புள்ளியில் பென்சிலை வைத்து வலப்பக்கமாக 4 கட்டம் போங்கள். அங்கிருந்து நேரே மேலே 3 கட்டம் ஏறினால் மற்றப் புள்ளிக்கு வந்துவிடுவீர்கள். ஏறியதைப் போனதால் வகுத்தால் 3 ÷ 4 = 0.75. இதுதான் படித்திறன்.

அதே கோட்டை நீட்டினால் (9, 8) என்ற புள்ளியும் அதில் விழும். (1, 2) இலிருந்து அங்கே போக 8 கட்டம் வலம், 6 கட்டம் மேலே. 6 ÷ 8, மறுபடியும் 0.75. கோட்டில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் வரும் முக்கோணங்கள் இயல்பொத்தவை (வடிவம் ஒன்று, அளவு மட்டும் வேறு), அதனால் விகிதம் மாறாது.

படி 2: சூத்திரம்

வை ஆள்கூறுகளின் வித்தியாசத்தை எக்ஸ் ஆள்கூறுகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்: (5 − 2) ÷ (5 − 1). நீங்கள் எண்ணிய அதே 3, அதே 4.

வகுப்பில் நான் அதிகம் திருத்தும் பிழை இங்கேதான் வரும். மேலே (5 − 2) என்று எழுதிவிட்டு, கீழே (1 − 5) என்று எழுதுவார்கள். விடை −0.75 ஆகிவிடும். எந்தப் புள்ளியிலிருந்தும் தொடங்கலாம், ஆனால் மேலே எந்தப் புள்ளியை முதலில் எழுதினீர்களோ கீழேயும் அதுவே முதலில் வர வேண்டும். கோடு வலப்பக்கம் ஏறுகிறதா என்று படத்தை ஒருமுறை பார்த்தாலே பிழை பிடிபட்டுவிடும். கீறாமல் கணக்குத் தொடங்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

படி 3: கோணத்துக்கு மாறுதல்

எக்ஸ் அச்சின் நேர்த் திசையிலிருந்து இடஞ்சுழியாகக் கோடு வரை அளக்கும் கோணமே சாய்கோணம். அந்தக் கோணத்தின் தான்சன்தான் (tan, செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுத்தால் வருவது) படித்திறன். தான்சன் அட்டவணையில் 0.75 ஐத் தேடினால் 36° 52′ கிடைக்கும்.

படித்திறன் இரு மடங்கானால் கோணமும் இரு மடங்காகும் என்று நினைத்துவிடாதீர்கள். படித்திறன் 1 என்றால் 45°. 2 என்றால் 90° இல்லை, 63° 26′ அளவுதான்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கண்டி போகும் ரயில் கடுகண்ணாவை ஏற்றத்தில் திணறுவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே படித்திறன் 44 இல் 1 வரை போகும், அதாவது 44 அடி முன்னே போக 1 அடி உயரும். கோணமாக்கினால் 1° 18′ தான்! பாகைமானியில் குறிக்கவே கஷ்டமான கோணம், ஆனால் எஞ்சினுக்கு அது பெரிய ஏற்றம்.

படி 4: இறங்கும் கோடுகள்

(−1, 4), (2, 1) ஐ எடுப்போம். (1 − 4) ÷ (2 − (−1)) = −3 ÷ 3 = −1. மறை எண் வந்தால் கோடு வலப்பக்கம் இறங்குகிறது, சாய்கோணம் விரிகோணம். அட்டவணையில் விரிகோணம் இல்லையே என்று தேட வேண்டாம். குறியை விட்டுவிட்டு 1 க்குரிய கோணத்தைப் பாருங்கள், 45°. அதை 180° இலிருந்து கழித்தால் 135°.

கிடைக் கோட்டுக்குப் படித்திறனும் கோணமும் பூச்சியம். நிலைக்குத்துக் கோட்டில் எக்ஸ் வித்தியாசம் பூச்சியம், பூச்சியத்தால் வகுக்க முடியாது. அதனால் படித்திறன் கிடையாது, சாய்கோணம் மட்டும் 90° என்று இருக்கும்.

சரி, இனி நீங்கள் தனியாக ஒன்று: (−2, 3), (4, −1). படித்திறன் −2/3, சாய்கோணம் 146° 19′ வர வேண்டும். வராவிட்டால் கழித்த வரிசையை முதலில் பாருங்கள்.