மாடி வீட்டில் யூதக் குடும்பம் இருந்தால்: பண்டிகைகளுக்குக் கூடமாட நிற்பது எப்படி

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் சில வருடங்களாக ஒரு யூதக் குடும்பம் குடியிருக்கிறது. உங்கள் தெருவிலும் அப்படி யாராவது இருந்து, அவர்கள் பண்டிகையில் நீங்களும் கூடமாட நிற்க ஆசைப்பட்டால் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: அவர்களுக்கு நாள் பிறப்பது காலையில் இல்லை, முந்தின நாள் பொழுது சாயும்போது. முறையாகக் கடைப்பிடிப்பவர்கள் பெரிய பண்டிகைகளில் அதற்கப்புறம் வேலை செய்ய மாட்டார்கள், கார் ஓட்ட மாட்டார்கள், பணத்தைத் தொட மாட்டார்கள். முதல் வருடம் நான் பண்டிகையன்று காலையில் போய் "ஏதாவது உதவி வேணுமாங்க்கா" என்று கேட்டேன், அவர்களுக்கு உதவி தேவைப்பட்டது முந்தின நாள் மத்தியானம்.

தேதி வருடா வருடம் நகரும். மாதக் கணக்கு நிலாவை வைத்து, அதைப் பருவத்தோடு சேர்த்து நிறுத்த 19 வருடத்தில் 7 முறை ஒரு மாதம் கூட்டுவார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்கு இப்படிக் கூட்டும் ‘அதிக மாதம்’ பழக்கம்தான், சட்டென்று பிடிபடும்.

புத்தாண்டான ரோஷ் ஹஷானா 2026-ல் செப்டம்பர் 11 வெள்ளி சாயங்காலம் தொடங்குகிறது. ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள், நல்ல கொல்லிமலைத் தேன் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுங்கள். ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவதைக் கேட்க வேண்டும் என்றால் ஞாயிறு வரை பொறுங்கள், ஓய்வு நாளான சனிக்கிழமை ஊதுவதில்லை. பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்ற நோன்பு, சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது, அன்று தயவுசெய்து காபி கொண்டு போகாதீர்கள்.

கூட்டு வழிபாட்டுக்குப் பத்து பேர் வேண்டும், பழைய முறைப்படி பத்தும் வயது வந்த யூத ஆண்கள். நம் பக்கத்தில் அது நடக்காது, எங்கள் மாடி வீட்டார் எர்ணாகுளம் போவார்கள். பக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது, ஆனால் 1950-களிலிருந்து பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபோய்விட்டதால் அங்கே பத்து பேர் சேர்வதே பாடு. கூடப் போவதென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், பண்டிகை நாளில் பார்வையாளர்களை விடுவதில்லை. ஆண்கள் தலையை மூட வேண்டும். பொழுது சாய்வதற்குள் நடக்கும் தூரத்தில் அறை எடுத்துவிட வேண்டும்.

சுக்கோத்தான் நம் ஆட்கள் நிஜமாகவே கை கொடுக்கக்கூடிய பண்டிகை. ஏழு நாள் பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மூங்கிலும் தென்னை மட்டையும் போதும், பொள்ளாச்சிப் பக்கம் சொந்தக்காரர் தோப்பு இருந்தால் ஒரு டெம்போவில் வந்துவிடும். மேலே போடுவது மண்ணில் விளைந்து வெட்டியதாக இருக்க வேண்டும், தகரமும் தார்ப்பாயும் ஆகாது. நான் நிழலாக இருக்கட்டும் என்று மாமரத்தடியில் கம்பு நடச் சொல்லிவிட்டேன், மரத்துக்குக் கீழே போட்டால் அது செல்லாதாம், பிடுங்கி மொட்டை மாடிக்கு மாற்றினோம். கீற்று வேய வந்தவர் பழக்கதோஷத்தில் நெருக்கி நெருக்கிக் கட்டிக்கொண்டே போனார், நட்சத்திரம் தெரிய வேண்டும், கொஞ்சம் பிரியுங்கள் என்றார் மாடி வீட்டு அண்ணன். "மழை வந்தா ஒழுகுமுங்களே" என்று அவர் என்னைப் பார்த்தார். ஒழுகட்டும் என்றோம், மனசே இல்லாமல் ஒவ்வொரு மட்டையாக உருவினார். முதல் நாள் எப்போதும் பௌர்ணமியை ஒட்டி வரும், அன்று ராத்திரி சாப்பிட்ட தட்டில் நிலா வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. நமக்கும் அப்போது புரட்டாசி, கறி கிடையாது, அதனால் பந்திக்குப் பிரச்சினையே இல்லை. உங்கள் பாத்திரத்தில் சமைத்தது அவர்கள் உணவு முறைக்கு ஆகாது, அதைக் கொண்டு போகாதீர்கள், நறுக்காத பழமோ இளநீரோ கொடுங்கள்.

சுக்கோத் முடிந்ததும் சிம்காத் தோரா, திருமறைச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடிப் பாடி ஏழு சுற்று வருவார்கள். விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கு முதல் நாள் ஒரு சுடர், எட்டாம் நாள் எட்டு, மற்றதை ஏற்றிவிடும் சுடர் தனி. எண்ணெயில் பொரித்த பலகாரம் உண்டு. பூரிமில் வேஷம் கட்டுவார்கள், அன்று வாசிக்கும் கதையில் யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமான் பெயர் வரும்போதெல்லாம் சத்தம் போட்டு அமுக்குவார்கள், பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

பெசாக்தான் கஷ்டம். எட்டு நாள் கோதுமை, பார்லி மாதிரித் தானியத்தில் புளித்த மாவும் அது கலந்ததும் வீட்டிலேயே இருக்கக் கூடாது. மாடி வீட்டு அக்கா சமையலறையில் நான் ரசம் வைக்கப் போய், எங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்தேன். அவர் அதை வாங்கித் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டினார்: கோதுமை மாவு. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் அது சேரும், இத்தனை வருடம் நான் படித்ததே இல்லை. அரிசி பருப்பு சாதம் செய்து தரலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், கிழக்கு, மத்திய ஐரோப்பிய வழி வந்தவர்கள் பலர் அந்த வாரம் அரிசியும் பருப்பும் தொட மாட்டார்கள், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து செபார்தி வழியினர் பலர் சாப்பிடுவார்கள். முதல் ராத்திரி எகிப்திலிருந்து வெளியேறிய கதையைச் சொல்லி முடித்து இலையில் உட்கார நேரமாகும், பிள்ளைகளுக்கு முன்னாடியே வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

ஏழு வாரம் கழித்து ஷவுவோத், பால் பலகாரம் விசேஷம். பால்கோவா கிண்டுவதாக இருந்தால் அவர்கள் வீட்டு வாணலியிலேயே கிண்டுங்கள், பொழுது சாய்வதற்குள் இறக்கி வைத்துவிடுங்கள்.