ரேம் உண்மையில் எந்த வேகத்தில் ஓடுகிறது? புதிதாக பிசி கட்டுகிறவர்களுக்கு

ஓவர்கிளாக் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றுவது) என்றதும் எல்லாரும் ப்ராசஸரில்தான் கை வைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ரேம். அட்டைப்பெட்டியில் 6000 (விநாடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு போகிறது என்ற கணக்கு) என்று போட்ட டிடிஆர்5 ரேமை வாங்கிச் சொருகினால், பெரும்பாலும் அது 4800-இல்தான் ஓடும். நீங்கள் காசு கொடுத்த வேகம் பயாஸில் (விண்டோஸ் வருமுன் போர்டே காட்டும் செட்டிங் திரை) ஒரு செட்டிங்கை மாற்றினால்தான் வரும். அதை மாற்றுவது எப்படி, மாற்றிய மெஷின் நம்ம திருநெல்வேலி வெயிலில் தாங்குமா என்று சோதிப்பது எப்படி, இரண்டையும் எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, பாளையங்கோட்டையில் அக்கா மகனுக்குக் கட்டிய மெஷினை எடுத்துக்கொள்கிறேன்: ரைசன் 5 7600, பி650 போர்டு, 16 ஜிபி ரேம் இரண்டு.

வாங்கும் முன்

இன்டெல் என்றால் பெயர் கடைசியில் 'கே' உள்ள ப்ராசஸரும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்யலாம். பி760 போர்டில் ரேமை மட்டும் ஏற்றலாம். எச்610-இல் அதுவும் கிடையாது. ஏஎம்டியில் பி650 போதும். ஏ620-இல் ப்ராசஸர் ஓவர்கிளாக் இல்லை. ப்ராசஸர் பெயரில் 'எஃப்' இருந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்காது, தனி கார்டு கட்டாயம்.

ரேமை இரண்டாகவே வாங்குங்கள். "இப்ப ரெண்டு, பொறவு ரெண்டு போட்டுக்கலாம்" என்ற கணக்கு டிடிஆர்5-இல் சரிவராது. ஏஎம்5-இல் (7600 போன்ற ஏஎம்டி ப்ராசஸர்கள் உட்காரும் சாக்கெட்) நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600-க்கு இறங்கிவிடுகிறது. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 இரண்டு, 64 வேண்டுமென்றால் 32 இரண்டு.

சொருகுவது

ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். மேனுவலில் ஏ2, பி2 என்று இருக்கும். இப்போது வரும் பல போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப். கிளிப் இல்லாத முனை உட்கார்ந்த மாதிரியே தெரியும், ஆனால் ஒரு நூல் தூக்கி நிற்கும். அந்த முனையை முதலில் அழுத்திவிட்டு, பிறகு கிளிப் பக்கம் 'டக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ப்ராசஸர், கூலர், பேஸ்ட் எல்லாவற்றுக்கும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதற்குள் போகவில்லை.

முதல் தடவை ஆன் செய்வது

நிறையப் பேர் பயந்துபோவது இங்கேதான். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், போர்டில் டிரேம் என்ற இடத்தில் விளக்கு எரியும், மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் வராது. "மாமா, டிஸ்ப்ளேயே வரல, போர்டு போச்சா?" என்று மருமகன் பவர் பட்டனை நோக்கிக் கையைக் கொண்டுபோனான். "ஆஃப் பண்ணிராதல, அப்படியே கெடக்கட்டும்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மெஷின் தானாக ஒருதரம் அணைந்து எழுந்து, பயாஸ் திரை வந்தது.

அந்த நேரத்தில் நடப்பது மெமரி ட்ரெயினிங். ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், ஒவ்வொரு ரேமோடும் எந்த நேரக் கணக்கில் பேசினால் தரவு பிசகாமல் வரும் என்று சோதித்துப் பார்க்கிறது. ரேமின் அளவு கூடினால் நேரமும் கூடும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. குறைந்தது பத்து நிமிடம் பொறுங்கள். அப்போதும் திரை வரவில்லை என்றால் ஒரே ஒரு ரேமை ஏ2-வில் போட்டுப் பாருங்கள்.

வேகத்தை ஏற்றுவது

முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். 2023-இல் சில ஏஎம்5 ப்ராசஸர்கள் கருகிப்போனதும், எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி வரம்பு வைத்தது. கடையில் ரொம்ப நாள் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருக்கலாம்.

அடுத்து டெலிட் கீயை அழுத்தி உள்ளே போய் எக்ஸ்போ ப்ரொஃபைல் 1-ஐத் (ரேம் கம்பெனி ரேமிலேயே எழுதிவைத்த வேகக் கணக்கு) தேர்ந்தெடுத்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். இன்டெல் போர்டில் இதன் பெயர் எக்ஸ்எம்பி. மறுபடி ட்ரெயினிங் ஓடும், மறுபடி கறுப்புத் திரை. விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள், 6000 என்று இருக்க வேண்டும். சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரில் 3000 என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது, அது துடிப்பை மட்டும் எண்ணுகிறது.

பிறகு பென் டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம், 5600-க்கு இறக்குங்கள். கேம் ஓடுகிறதே என்று விட்டால் என்றைக்காவது ஃபைல் கெட்டுப்போகும்.

வெயில்

எவ்வளவு நல்ல ஃபேன் கூலர் போட்டாலும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸர் போகாது. அறை பத்து டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய பத்து ஏறும். மார்கழிக் காலையில் 80 காட்டிய மெஷின் அக்னி நட்சத்திரத்தில் 90-ஐத் தாண்டும். 7600-க்கு 95 டிகிரி உச்சம். அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சோதனையை மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல் செய்யுங்கள். ப்ராசஸரை முழுதாக வேலை வாங்கும் சினிபெஞ்சை அரை மணி நேரம் ஓட விட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் சூட்டைக் கவனியுங்கள். போர்டு கம்பெனிகள் தரும் சாஃப்ட்வேரை நான் போடுவதே இல்லை. செட்டிங் பயாஸில், கண்காணிப்பு எச்டபிள்யூஇன்ஃபோவில், அவ்வளவு போதும்.

ப்ராசஸரையும் தொட ஆசை இருந்தால் கர்வ் ஆப்டிமைசரில் (ப்ராசஸரின் வோல்டேஜை மாற்றும் பயாஸ் செட்டிங்) மைனஸ் 10-இலிருந்து தொடங்குங்கள். வோல்டேஜ் குறையும், சூடு குறையும், அதனாலேயே வேகம் கூடும். நம்ம ஊருக்கு இதுதான் பொருத்தம். அளவுக்கு மீறி இறக்கினால் கனமான வேலையில் இல்லை, சும்மா இருக்கும்போதுதான் ரீஸ்டார்ட் ஆகும். அப்போது ஐந்து ஐந்தாக மேலே கொண்டுவாருங்கள். திரையே வராவிட்டால் மெஷினின் கரண்டைப் பிடுங்கிவிட்டு சிஎம்ஓஎஸ்-ஐ (பயாஸ் செட்டிங்குகள் சேமிக்கப்பட்டிருக்கும் இடம்) க்ளியர் செய்தால் பழையபடி வந்துவிடும்.

ஆனி, ஆடிக் காற்றுக் காலத்தில் முன்பக்க ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். ஜன்னல் மேற்கே பார்த்திருந்தால் கட்டாயம்.

பின்சேர்க்கை: கரண்ட் போனால் லைட்டும் ஃபேனும் நிற்பதில்லை, பிசி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கரண்ட் இல்லாமல் கம்ப்யூட்டர் பவர் சப்ளை தாங்குவது சுமார் 16 மில்லிசெகண்ட்தான், இன்வர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் எடுக்கிறது. பல இன்வர்ட்டர்களில் யுபிஎஸ் மோடுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். அப்படியும் ரீஸ்டார்ட் ஆவது நிற்கவில்லை என்றால் பிசிக்குத் தனி யுபிஎஸ்தான் வழி, ப்யூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றவருக்கு: பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை, பிசியைப் பிரிக்காமல் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.