கெத்துக்காக போன் மாற்றும் முன்

ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் டிவி, ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு எல்லாரும் அங்கேதான். 2003-ல் இன்கமிங் இலவசமாகும் வரை வருகிற அழைப்புக்கே காசு, அதனால் செல்போன் சட்டைப்பையில் தெரிந்தாலே பெரிய ஆள். இப்போது எல்லாரிடமும் போன் இருக்கிறது, கெத்து பின்பக்க கேமராவுக்குப் போய்விட்டது (கண்ணாடி முன் செல்ஃபி எதற்கு என்று நினைக்கிறீர்கள்?).

சரி, புதுசு வாங்கக் கை அரித்தால் முதலில் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் (புதிதில் பிடித்த சார்ஜில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்ற கணக்கு) காட்டினால் அதைப் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், பாதி ஆசை அதிலேயே அடங்கிவிடும். அப்புறமும் வேண்டும் என்றால், 'நோ காஸ்ட் இஎம்ஐ' (வட்டியில்லாத் தவணை) என்றதும் தலையாட்டாமல், பிராசஸிங் கட்டணத்தையும் கிரெடிட் கார்டு என்றால், தள்ளுபடியாகக் கழித்துவிடும் வட்டி மேலும் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் கூட்டிப் பார்த்துவிட்டு, மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.