வீட்டு ஒலிப்பதிவில் கிட்டார் ஒலியைத் தொலைக்கும் தவறுகள்

சென்ற வாரம் தக்கலையிலிருந்து வந்த தம்பி ஒருவர், வீட்டில் பதிவுசெய்த பாடலைப் போட்டுக் காட்டிவிட்டு, “அண்ணா, இதை எந்த பேட்சுல வாசிச்சேன்னு ஓர்மை இல்ல” என்றார். எஃபெக்ட்ஸ் பெடலில் எண்ணிட்டுச் சேமித்துவைக்கும் ஒலி அமைப்பைத்தான் பேட்ச் என்கிறோம். நாகர்கோவிலில் என் மாடி அறையில் நானும் ஒரு காலத்தில் இதே நிலையில் நின்றவன். ட்யூன் செய்யாமல் வாசிப்பது போன்ற பிழைகளைக் காதே திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே சொல்லவில்லை.

எஃபெக்டுடன் மட்டும் பதிவுசெய்தல்

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. கூரையில் மழை அறைந்துகொண்டிருக்கும்போது ஆம்பின் (கிட்டார் ஒலிபெருக்கியின்) முன் மைக் வைக்க இயலாது என்பதால், எங்களில் பலர் கிட்டார் ஒலியைப் பலவிதமாக மாற்றித் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வழியாக நேரே கணினியில் பதிவுசெய்கிறோம். அதில் பிழையில்லை. பெடல் தரும் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, எஃபெக்ட் ஏதும் சேராத கிட்டார் ஒலியை, அதாவது டி.ஐ. டிராக்கை, எடுக்காமல் விடுவதே பிழை.

ஒரு பாடகர் குழுவின் நான்கு கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு ஆகஸ்ட் மாதமே கிட்டார் வாசித்து முடித்திருந்தேன். நவம்பரில் ஒரு பாடலுக்குப் புதிய சரணம் எழுதப்பட்டதால் 16 பார் (தாளச் சுற்று) கூடுதலாக வேண்டியிருந்தது. இடையில் வேறொரு பாடலுக்காக அதே பேட்ச்சை மாற்றி, அதே எண்ணில் சேமித்திருந்தேன். கெயினையும் (டிஸ்டார்ஷன் எனும் கரகரப்பின் அளவு) ரிவெர்பையும் (அறை எதிரொலி) மூன்று இரவுகள் திருகிப் பார்த்தும், புதிய பகுதி தொடங்கும் இடம் காதுக்குத் தனியே தெரிந்தது. ஒரு பாடலின் கிட்டார் மட்டும் வேறாக ஒலிக்கக்கூடாது என்பதால் நான்கையும் முதலிலிருந்து வாசிக்க நேர்ந்தது. டி.ஐ. இருந்திருந்தால், பழைய வாசிப்பையும் புதிய 16 பாரையும் ஒரே ஆம்ப் பிளக்கின் (கணினியில் ஆம்பின் ஒலியைத் தரும் மென்பொருள்) வழியாக அனுப்பி, ஒட்டு அவ்வளவாகத் தெரியாமல் சேர்த்திருக்கலாம். இன்றும் யாரேனும் டி.ஐ. எடுக்காமல் வந்தால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

இடம் போதாது என்பது காரணமாகாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்.பி.; ஐந்து நிமிடப் பாடலுக்கு 43 எம்.பி. போதும். சில பெடல்கள் யு.எஸ்.பி. வழியாகவே இந்த ஒலியைத் தனிச் சேனலில் அனுப்பும். அந்த வசதி இல்லையென்றால், கிட்டார் ஒலியை இரண்டாகப் பிரித்துத் தரும் டி.ஐ. பாக்ஸின் ஒரு வெளியீட்டைப் பெடலுக்கும் மற்றொன்றை, ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இன்டர்ஃபேஸுக்கும் கொடுக்கலாம்.

“நல்ல டோன் 3” என்று பெயரிடுதல்

இப்படிப் பெயரிட்டால் எந்தப் பேட்ச் எந்தப் பாடலுக்கு என்று பின்னால் தெரியாது; பாடல், பகுதி, தேதி ஆகிய மூன்றும் பேட்ச்சின் பெயரில் இருக்க வேண்டும்.

கிட்டாரின் திருகுகளை மறத்தல்

பேட்ச்சைக் குறித்துவைப்பவர்கள்கூட, எந்தப் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) வாசித்தோம், வால்யூமும் டோனும் எந்த எண்ணில் நின்றன என்பதை எழுதுவதில்லை. வால்யூமை 10-லிருந்து 7-க்குக் குறைத்தால் டிஸ்டார்ஷன் தணியும்; பெரும்பாலான கிட்டார்களில் ஒலியின் கூர்மையும் மங்கும். பெடலையும் கிட்டாரையும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, பாடலின் ஃபோல்டரிலேயே போட்டுவிடுங்கள்.

பிளக்கினை நம்பி ஒலியை உறைய வைக்காதிருத்தல்

பிளக்கினை அப்டேட் செய்தபின் பழைய ஒலி அப்படியே திரும்பக் கிடைக்காமல் போகலாம்; அதனால் அப்டேட் செய்யும் முன் எஃபெக்டுடன் ஒரு வேவ் (ஒலிக்) கோப்பை எடுத்து வையுங்கள்.

கம்பியின் வயதைக் குறிக்காதிருத்தல்

கடலோர உப்புக்காற்றில் கம்பி விரைவில் துருவேறுகிறது, பழைய கம்பியின் ஒலியும் மங்கிவிடுகிறது. அந்த மூன்று இரவுகளில் நான் பேட்ச்சை மட்டுமே குறைசொல்லிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் பழைய கம்பியில் வாசித்ததும், அக்டோபரில் புதுக் கம்பி மாட்டியதும் வெகு நாள் கழித்தே என் நினைவுக்கு வந்தன.